மூன்றாம் ஓலை

அச்சன் அப்பத்தைத் தலைக்கு மேல் உயர்த்துகிறார். மணி குலுங்குகிறது. கோயிலில் இருக்கிற அத்தனை தலையும் குனிந்து, அத்தனை கண்ணும் மூடிக்கொள்கிறது. வாசல் தூணை ஒட்டி, மணிக்கயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்கிற சந்தியாகு உபதேசியாரின் கண்கள் மட்டும் திறந்தே இருக்கின்றன. இடது பக்கம் ஆண்கள், வலது பக்கம் பெண்கள் என்று வரிசை வரிசையாகப் போய்வருகின்றன. யார் வரவில்லை, யார் புதிது, நேற்று லயத்தில் அடிதடி போட்டுவிட்டு இன்று அந்த அப்பத்தை நன்மையாக வாங்க நிற்கிறவன் எவன், எல்லாம் அந்த அரை நிமிடத்தில் அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

"சாமிய நீங்க எல்லாரும் பாக்குறீங்க. உங்கள யாரு பாக்குறது?" என்பார், கேட்டால்.

வண்டிப்பெரியாருக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளிகளின் லய வீடுகளுக்கு நடுவில், தகரக் கூரை போட்ட சின்னக் கோயில் அது. மலையாளத்துப் பாதிரியாரான அச்சன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஜீப்பில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற ஆறு நாளும் செபம் நடத்துவது உபதேசியார்தான்; கோயில் சாவி சந்தியாகுவின் அரைஞாணில் தொங்கும். பகலெல்லாம் தொழிற்சாலையில் தூள் சலிக்கிற வேலை. மெலிந்த உடம்பு, முழங்கை கிழிந்த காக்கிக் கோட்டு. மழையில் குடையைப் பின்பக்கம் சாய்த்துத்தான் பிடிப்பார். முன்னால் சாய்த்தால் எதிரே வருகிறவன் முகம் மறைந்துவிடுமாம். அந்த ஊர் மழைக்கு, நெஞ்சு முழுக்க நனைந்துதான் வீடு திரும்புவார். அப்படி எந்த மகாராஜா எதிரே வரப்போகிறார் என்று ஒருவரும் கேட்டதில்லை.

லத்தீன் பூசையைத் தமிழாக்கியபோதே அவருக்கு நெருடியது. சர்வேசுரன் என்று கூப்பிட்டவரை இறைவன் என்று கூப்பிடச் சொன்னபோது, "பேரை மாத்துறவன் எவனும் எதையோ மறைக்கத்தான் மாத்துறான்" என்று முணுமுணுத்தார். சாமியார் சனத்தைப் பார்த்து நின்று பூசை வைக்க வேண்டும் என்று பீடத்தைத் திருப்பிப் போட்டார்களே, அது ஒன்றுதான் அவருக்குப் பிடித்த சீர்திருத்தம். காவலுக்கு இன்னொரு ஜோடிக் கண் கிடைத்தது என்று நினைத்திருப்பார். போன வருடம் அவசரநிலை வந்து ஊரே வாயைப் பொத்திக்கொண்டு, பக்கத்தில் நிற்கிறவன் யாரென்று பார்த்துப் பேசத் தொடங்கியபோதும் அவர் அசரவில்லை. "இப்பத்தான் உங்களுக்குப் புத்தி வந்திருக்கு" என்றார்.

ஆனால் அவருடைய சந்தேகம் முழு வீச்சில் வேலை செய்வது கல்யாண ஓலை வாசிக்கும்போதுதான். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று மூன்று ஞாயிறு தொடர்ந்து கோயிலில் வாசிப்பார்கள். முதல் ஓலை வாசித்த மறுநாளே சந்தியாகு மாப்பிள்ளையின் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார். டீக்கடையில் உட்காருவார். சலூனில் உட்காருவார். பெண்டுகள் தண்ணீர் பிடிக்கிற குழாயடியில் செருப்பு வார் அறுந்தவர் மாதிரிக் குனிந்து நின்றுகொண்டே இருப்பார். இப்படி மூன்று கல்யாணங்களை நிறுத்தியிருக்கிறார். சொன்னது மூன்றும் உண்மை என்பதால் யாரும் அவரை அடிக்கவில்லை.

"உபதேசியாரே, நிங்ஙள் போலீஸா?" என்று அச்சன் ஒருநாள் கேட்டார்.

"போலீசுக்கு லீவு உண்டு அச்சா. எனக்கு இல்ல."

பத்து வருடத்துக்கு முன்பு அவரும் கண்ணை மூடித்தான் செபித்தார். அவர் மகள் கத்தரீனாளுக்குக் கம்பத்து மாப்பிள்ளை. காகிதமெல்லாம் சுத்தம். மூன்றாம் ஓலை அன்று, பிள்ளைக்கு நல்ல இடம் அமைந்ததே என்று உருகிப்போய்க் கண்ணை இறுக மூடி நின்றார். எட்டே மாதத்தில் மகள் ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தாள். அவனுக்கு ஏற்கெனவே வேறு பேரில், வேறு ஊரில், தாலி கட்டின பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். அன்றைக்குக் கோயிலின் கடைசி வரிசையில் நின்ற ஒரு வெற்றிலை வியாபாரி பிற்பாடு சந்தையில் வைத்துச் சொன்னான்: "எனக்குத் தெரியும்யா. சொல்லத்தான் கைய தூக்குனேன். நீரு கண்ண மூடிக் கும்பிட்டுக்கிட்டு இருந்தீரு. பாவம்னு இறக்கிட்டேன்."

அந்தக் கல்யாணம் செல்லாது என்று ஆயர் இல்லத்திலிருந்து தாள் வர ஆறு வருடம் ஆனது. சந்தியாகுவின் கண் அந்தச் சந்தையிலேயே திறந்துகொண்டது. பிறகு மூடவே இல்லை.

இப்போது அதே கத்தரீனாளை ஒருவன் கேட்கிறான். பேர் செபமாலை. சிலோன்காரன். இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி கப்பலேற்றி அனுப்பிய கூட்டத்தோடு ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, உறவெல்லாம் திசைக்கொருவராய்ப் பிரிய, தனியாளாக இங்கே வந்து தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிறவன். முப்பத்தெட்டு வயது. கல்யாணமே ஆகவில்லை என்கிறான். முப்பத்தெட்டு வயதில்!

சந்தியாகு என்னென்னவோ செய்து பார்த்தார். நடுவழியில் மடக்கி, "உன் பெண்டாட்டி சுகமா?" என்று திடீரென்று கேட்டார். "எனக்கு ஏதுங்க பொஞ்சாதி" என்று அவன் சிரித்தான். ஒரு ஞானஸ்நானத்தின்போது, கயிற்றை இழுக்கணும், கொஞ்சம் பிடி என்று கைப்பிள்ளையை அவன் கையில் திணித்தார். செபமாலை பிள்ளையின் பிடரிக்குக் கை கொடுத்து, தோளில் சாய்த்து, முதுகைத் தட்டினான். பிள்ளை ஏப்பம் விட்டது. உபதேசியார் கயிற்றை இழுக்க மறந்தார்.

"கல்யாணம் ஆகாதவன் இப்பிடியாடே பிள்ளைய பிடிப்பான்?"

"எனக்குக் கீழ ஆறு பேருங்க. அம்மா கொழுந்துக்குப் போயிட்டா நான்தானுங்களே தூக்கணும்."

பதில் சரியாகத்தான் இருந்தது. கம்பத்துக்காரனின் பதிலும் சரியாகத்தான் இருந்தது.

இவன் ஊருக்குப் பஸ் போகாது. நடுவில் கடல் கிடக்கிறது. ஆகவே சிலோன் பங்குச் சாமியாருக்கு நாலு பக்கம் கடிதம் எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். முதல் ஓலை வாசித்தாயிற்று. இரண்டாம் ஓலையும் ஆயிற்று. பக்கத்து வீட்டு மூக்கம்மாள் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டே கத்தரீனாளிடம் சொன்னாள்: "எங்க கருப்பசாமி கூட ராத்திரி வேட்டைக்குப் போயிட்டுப் பகல்ல தூங்கும்டீ. உங்கப்பாவுக்குத் தூக்கமே கிடையாதா?"

மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், ஆபீசில் கடிதம் வந்திருந்தது. தொழிற்சாலை வாசலிலேயே நின்று பிரித்தார். செபமாலை என்பவர் ஞானஸ்நானம் பெற்றது பதிவில் உண்டு. விவாகம் செய்ததாகப் பதிவு இல்லை. அதற்குக் கீழே அந்தச் சாமியார் எழுதியிருந்தார்: "ஆனால் அந்தத் தோட்டத்துச் சனம் முழுவதும் கப்பலேறிப் போய்விட்டது. லயங்கள் பூட்டிக் கிடக்கின்றன. அவரை நேரில் அறிந்து சொல்ல இங்கே ஓர் ஆளும் இல்லை. தாங்களே மனச்சாட்சிப்படி தீர்மானித்துக்கொள்ளவும்."

கடிதத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பதிவு சுத்தம். அவருக்குப் பதிவு வேண்டாம். ஒரு டீக்கடை வேண்டும், ஒரு குழாயடி வேண்டும், இவன் இன்னார் என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். அந்த ஊரே கப்பலேறி எங்கெங்கோ சிதறிப்போயிருந்தது.

வீட்டில் கத்தரீனாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவர் கடிதத்தை வாசித்துக் காட்டினார். கடைசி வரி வரை நிதானமாகக் கேட்டாள்.

"பிறகென்னப்பா? ஒண்ணும் இல்லன்னுதான எழுதியிருக்காரு."

"தெரியலன்னு எழுதியிருக்காரு. இல்லங்கிறது வேற, தெரியலங்கிறது வேற தாயி. நாளைக்கு நான் ஒரு வார்த்த சொன்னா அச்சன் ஓலைய நிறுத்திருவாரு. இன்னும் ஆறு மாசம் விசாரிப்போம். மண்டபத்துக்கு ஒரு நடை போயிட்டு வாரேன்."

அவள் களைந்த தண்ணீரை வாசலில் ஊற்றிவிட்டு வந்தாள்.

"பத்து வருசமா ஊரையே பாக்குறீங்க. என்னையப் பாத்தீங்களாப்பா? இந்த வைகாசியோட எனக்கு முப்பத்தொண்ணு."

சந்தியாகு கடிதத்தை நாலாக மடித்தார்.

"அந்த மனுசன் பொய் சொல்றாருன்னா அது என் தலையில விடியட்டும். அப்பவும் உங்கள ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். போன தடவையும் சொல்லல. என்னைக்காவது சொன்னேனா?"

சொன்னதில்லை. அதுதான் அவரை இத்தனை வருடமாக அரித்துக்கொண்டிருந்தது. ஒருநாள் அவள் வாய்விட்டுத் திட்டியிருந்தால் அன்றைக்கே கொஞ்சம் தூங்கியிருப்பார். கோட்டைக்கூடக் கழற்றாமல் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அவள் சோற்றை வடித்து, முதலில் அவருக்குப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. தகரக் கூரையில் விழுகிற சத்தத்துக்கு மேலே அச்சன் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. பிரசங்கம் முடிந்ததும் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார். சிலோனைச் சேர்ந்த செபமாலைக்கும், இந்தத் தோட்டத்துச் சந்தியாகுவின் மகள் கத்தரீனாளுக்கும், இது மூன்றாம் ஓலை. தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே தெரிவிக்க வேண்டும்.

வாசித்துவிட்டு அச்சன் நிமிர்ந்து வாசல் தூணைப் பார்த்தார். ஒவ்வொரு மூன்றாம் ஓலைக்கும் பார்க்கிற வழக்கம்தான். கோயிலே திரும்பி அங்கே பார்த்தது. ஆண்கள் பக்கம் செபமாலை ஈரச் சட்டையோடு, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். பெண்கள் பக்கம் கத்தரீனாள் மட்டும் திரும்பவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பீடத்தையே பார்த்தபடி இருந்தாள்.

உபதேசியாரின் கண்கள் ஒரு சுற்றுக் கிளம்பின. முன் வரிசை, நடு வரிசை, கடைசி வரிசை. மழைக்கு ஒதுங்கி வாசலில் நின்ற இரண்டு வழிப்போக்கர்களின் முகங்களையும் விடவில்லை. ஒரு கையும் உயரவில்லை. கடைசியாகச் செபமாலையின் மேல் வந்து நின்று, அவனை உச்சி முதல் உள்ளங்கால் வரை மறுபடியும் ஒருமுறை துழாவின. அவன் எச்சில் விழுங்கினான். அதையும் பார்த்தார்.

பிறகு மகளின் முதுகைப் பார்த்தார். மணிக்கயிற்றை விட்டார். இரண்டு கைகளையும் கூப்பி, நெஞ்சோடு சேர்த்து, கண்களை மூடிக்கொண்டார்.