கத்திரிப்பூ நிறக் கோடி

பன்றிக் காய்ச்சல் பரவிய வருஷம். மச்சான் போனதும் அதில்தான். கருமாதிக்குப் பிறந்த வீட்டுக் கோடியாக அக்காவுக்கு நாங்கள் ஒரு சேலை எடுத்துப் போட வேண்டும். விளாங்குடியில் அவள் வீட்டிலிருந்து கிளம்பும்போது என்னிடம் அவள் பேசியது ஒன்றுதான்.

"தம்பி, வெள்ளைய மட்டும் எடுத்துட்டு வந்துராத. பாப்பா பயப்படும்."

நாலு வயசுப் பிள்ளை. அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்ததைப் பார்த்திருந்தாள். அதிலிருந்து கொடியில் காயும் வேட்டி அசைந்தால்கூட வீறிட்டாள். சரி என்று தலையாட்டினேன். அந்த நாட்களில் யார் எது சொன்னாலும் தலையாட்டினேன்.

கோடி எடுக்க ஒற்றை ஆளாகப் போகும் வழக்கமில்லை. பெரியம்மாவும் சித்தியும் கூடவே பஸ் ஏறினார்கள். விளக்குத்தூண் பக்கம், நாங்கள் வழக்கமாக எடுக்கும் ஜவுளிக்கடை. வாசலில் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. காவலுக்கு நின்றவர் மூக்கை மறைத்துக் கைக்குட்டை கட்டியிருந்தார்.

"குடும்பத்துக்கு ஒரு ஆளுதான் உள்ள. துணியத் தொடக்கூடாது."

"யோவ், கோடி எடுக்க வந்திருக்கோம். ஒத்த ஆளாப் போயி எடுக்க இது என்ன கோமணமா?" என்றாள் பெரியம்மா.

"மொதலாளி உத்தரவு ஆத்தா. என்னைய வஞ்சு என்ன செய்ய?"

எங்கள் வீட்டில் காலேஜ் வரை போனவன் நான் ஒருத்தன். போர்டு தொங்கும் இடத்துக்கெல்லாம் என்னைத்தான் தள்ளிவிடுவார்கள்.

"நீ போடா," என்றாள் பெரியம்மா. "வெள்ளையா எடு. கரை வேணா பச்சையில இருக்கட்டும். கலரு கிலருன்னு எடுத்து ஊரு சிரிக்க வச்சிராத."

அதற்கும் தலையாட்டினேன்.

கையில் ஏதோ மருந்தை ஊற்றினார்கள். குளிர்ந்தது. கடை காலியாக இருந்தது. ஃபேன் சத்தமும் ரேடியோவும் மட்டும்.

"என்ன விசேஷம் தம்பி?" என்றார் சேலை காட்டுகிறவர்.

"கோடி. அக்காவுக்கு."

அவர் கல்லாவில் இருந்தவரைப் பார்த்துத் தங்கள் வீட்டுப் பாஷையில் ஏதோ சொன்னார். கல்லாக்காரர் ரேடியோவை நிறுத்தினார். கீழ்த்தட்டிலிருந்து வெள்ளைச் சேலைகள் வந்தன. ஒன்றை விரித்தார். பார்த்துக்கொண்டே நின்றேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பச்சைக்கரை நன்றாகத்தான் இருந்தது.

அவர் தலைக்கு மேல் ஒரு அட்டை தொங்கியது. காய்ச்சல் பரவுவதால் எடுத்த துணி மாற்றித் தரப்பட மாட்டாது. இரண்டு முறை படித்தேன். பெரியம்மா ஒரு தீபாவளிச் சேலையை மூன்று தரம் மாற்றிய கடை இது.

"அண்ணே, நெசமாவே மாத்த மாட்டீங்களா?"

"வெளிய போனது உள்ள வராது தம்பி. நல்லாப் பாத்துக்கங்க."

"யாரு வந்து சண்டை போட்டாலும்?"

"யாரு வந்தாலும்."

"அப்ப மேல இருக்கே, கத்திரிப்பூக் கலரு. அதக் கட்டுங்க."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். வெள்ளையை மடித்து வைத்துவிட்டு அதை எடுத்தார்.

வாசலிலேயே பெரியம்மா பையைப் பிரித்துவிட்டாள்.

"அடப்பாவி. போ, போயி மாத்திட்டு வா."

"மாத்த மாட்டாங்க பெரிம்மா. போர்டு போட்ருக்கு."

"இவன் ஒருத்தன், போர்டு போர்டுன்னு." காவல்காரர் பக்கம் திரும்பினாள். "இவன் சொல்றது நெசமாய்யா?"

"நெசந்தான் ஆத்தா. காலையில ஒரு வாத்தியாரம்மா கத்தோ கத்துன்னு கத்திட்டுப் போறாக."

பெரியம்மா கயிற்றையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சேலையை மடித்துப் பைக்குள் வைத்தாள். பஸ்ஸில் என்னை விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். சித்தி மட்டும் பைக்குள் கைவிட்டுத் துணியைத் தொட்டுப் பார்த்தாள். "மெத்துனு இருக்கு," என்றாள் ஜன்னலைப் பார்த்து.

கருமாதியன்று அந்தச் சேலையை அக்கா தோளில் போட்டது பெரியம்மாதான். கூடியிருந்த பொம்பளைகளிடம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "கடையில மாத்த மாட்டேன்னுட்டாங்க," என்றாள் பெரியம்மா, அவர்கள் கேட்கும் முன்பே.

பாப்பா கதவோரம் நின்றிருந்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்ல வந்தாள். முந்தானையைப் பிடித்தாள்.

"புதுசாம்மா?"

"ம்," என்றாள் அக்கா.

பாப்பா அவள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.