அரைநிமிஷக்காரர்

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவருடைய நிஜப் பேர் சம்பளம் போடுகிற அன்றைக்கு மட்டும்தான் யாருக்காவது ஞாபகம் வரும். மற்ற நாளெல்லாம் அவர் அரைநிமிஷக்காரர். பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் சரி, ஸ்கிரீன் இருண்டுபோனாலும் சரி, அவர் வாயிலிருந்து முதலில் வருவது, "அரை நிமிஷம் பொறுங்க." சொன்னபடி அரை நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு அந்த இயந்திரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அதற்கப்புறம்தான் கை நீளும். நானோ பால் பொங்குவதற்குள் அடுப்பை நாலு தடவை கூட்டிக் குறைக்கிற ஆள். வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து இந்தக் கூத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முன்பு அவர் ரயிலில் ரெண்டு மணி நேரம் தள்ளியிருக்கிற பெரிய கம்பெனியில் இருந்தார். நூற்றுக்கணக்கில் சர்வர்கள், ஏகப்பட்ட சம்பளம். அதையெல்லாம் விட்டுவிட்டு எங்களிடம் ஏன் வந்தார் என்று ஒரு நாள் கேட்டே விட்டேன். "அங்க சர்வரைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். அதால பிரயோஜனப்படற ஒரு மனுஷ முகத்தைப் பார்த்ததில்ல" என்றார். நல்ல பதில்தான். ஆனால் அதோடு நிறுத்தினால்தானே. "பிடிக்கலன்னா திரும்பிப் போயிடலாம். என் நாற்காலி இன்னும் காலியாத்தான் இருக்கு, எப்ப வேணா வாங்கன்னு சொல்லியிருக்காங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

அதுதான் அவர் சுபாவம். எதை மாற்றினாலும் பழையதை ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டுதான் மாற்றுவார். கம்ப்யூட்டரில் அப்படிச் செய்வது அவர் தொழிலுக்கு அழகு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டவர் பழைய கண்ணாடியையும் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். மேஜையை ஜன்னல் பக்கம் நகர்த்தியபோது, பழைய இடத்தில் நாலு கால்களுக்கும் தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்தார். கூட்டுகிற அம்மா அதைப் பிய்த்துப் போட்டதற்கு இரண்டு நாள் முகம் வாடிப்போயிருந்தது.

இப்படிப்பட்ட ஆளைப் போய் என் தங்கைக்குப் பிடித்துவிட்டது.

தங்கை எங்கள் கூடத்திலேயே ரத்தம் எடுக்கிறவள். ஊசி உள்ளே போனதும் தெரியாது, வெளியே வந்ததும் தெரியாது. அவள் லீவில் இருந்தால், நாளைக்கு வருகிறேன் என்று திரும்பிப் போகிறவர்கள் உண்டு. அந்தக் கட்டடத்தில் குளிர்ச்சியான அறை சர்வர் அறை ஒன்றுதான். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு அங்கே போக ஆரம்பித்தாள். வெயில் காலம் என்று நானும் விட்டுவிட்டேன். வெயில் போய் மழை வந்த பிறகும், ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அங்கேதான் சாப்பிட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சுற்றி வளைக்கிற பழக்கமே அவளுக்குக் கிடையாது. ஒரு நாள் தயிர்ச் சாதத்தைச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று நேராகக் கேட்டுவிட்டாள். அதற்கு அந்த மகானுபாவர் சொன்ன பதில், "அரை நிமிஷம்."

அந்த அரை நிமிஷம் ஒரு வாரமாக ஓடிக்கொண்டிருந்தது.

இதற்கு நடுவில் தூரத்து ஊர் ஆஸ்பத்திரி ஒன்று அவளைக் கூப்பிட்டது. ரத்தப் பிரிவுக்கே தலைமைப் பொறுப்பு. வருகிறாளா இல்லையா என்று வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் சொல்ல வேண்டும். "அவர் சரின்னா இங்க இருப்பேன்க்கா. இல்லன்னா கிளம்பிடுவேன். தினமும் அந்த மூஞ்சியப் பார்த்துக்கிட்டு இங்கயே உட்கார்ந்திருக்க என்னால ஆகாது" என்றாள். வீட்டில் நானும் அவளும்தான். அவள் போய்விட்டால் ராத்திரி சண்டை போடக்கூட எனக்கு ஆள் இருக்காது.

தினமும் அவரை மடக்கிக் கேட்டேன். "யோசிச்சுக்கிட்டு இருக்கேன்க்கா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் அரை நாள் லீவு போட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டார். ஆள் கம்பி நீட்டிவிட்டார் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கூடத்தைத் திறந்தால் ஒரு ஸ்கிரீனிலும் ஒன்றும் வரவில்லை. பேர் பதிய முடியவில்லை, பழைய ரிப்போர்ட் எடுக்க முடியவில்லை. வாசலில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். அத்தனை பேரும் சர்க்கரைப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு வந்தவர்கள். பசித்தவனிடம் கம்ப்யூட்டர் கதை சொல்லிப் பாருங்கள், தெரியும். மேனேஜர் உள்ளே ஓடிப்போய் சர்வரை அணைத்து அணைத்துப் போட்டார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

அப்போதுதான் அரைநிமிஷக்காரர் வந்தார். இஸ்திரி போட்ட புதுச் சட்டை. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மேனேஜர் கையைப் பிடித்துத் தரதரவென்று சர்வர் அறைக்கு இழுத்துப் போய்விட்டார். நானும் பின்னாலேயே போனேன். ரத்தம் எடுக்க வழியில்லாததால் தங்கையும் கையுறையைக் கழற்றிவிட்டு அங்கே வந்து நின்றாள்.

எங்கள் சர்வர் பார்க்க ஒரு பெட்டிதான். ஆனால் அதற்குள் நாலைந்து கம்ப்யூட்டர்கள் குடித்தனம் நடத்துகின்றன. பேர் பதிகிறது ஒன்று, ரிப்போர்ட் தயாரிக்கிறது ஒன்று, இப்படி. எல்லாமே மென்பொருளால் ஆனவை, தொட்டுப் பார்க்க முடியாது. அத்தனை குடித்தனத்துக்கும் வெளியே வர வாசல் ஒன்றுதான். அதைப் பிரிட்ஜ், அதாவது பாலம், என்பார்கள். ஒரு பக்கம் உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர்கள், மறு பக்கம் சுவரிலிருந்து வருகிற நிஜக் கேபிள், இரண்டையும் அது சேர்த்து வைக்கிறது. இதெல்லாம் தங்கை எனக்குச் சொன்னது. ஸ்வெட்டர் போட்டுச் சாப்பிட்டது வீண்போகவில்லை.

அவர் வழக்கம்போல அரை நிமிஷம் சும்மா நின்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு உட்கார்ந்து, பேர் பதிகிற கம்ப்யூட்டரிலிருந்து ரிப்போர்ட் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டுப் பார்த்தார். உடனே பதில் வந்தது. அங்கேயிருந்து என் மேஜைக் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டார். பதில் இல்லை.

"உள்ள இருக்கறவங்க ஒருத்தருக்கொருத்தர் நல்லாத்தான் பேசிக்கிறாங்க. வாசலைத் தாண்டித்தான் ஒண்ணும் போகல" என்றார்.

எழுந்து பின்பக்கம் போய்க் கேபிளைப் பார்த்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கேபிளில் குற்றமில்லை.

"நேத்து நான் போனதுக்கப்புறம் ஏதாவது மாத்தினீங்களா சார்?"

"ஒண்ணையும் தொடல" என்றார் மேனேஜர், அடித்துச் சொல்கிற குரலில்.

"சாயங்காலம் ஒருத்தர் வந்து பெட்டியத் திறந்து என்னமோ சொருகிட்டுப் போனாரே?" என்றாள் தங்கை.

"அது டிஸ்குக்கு ஒரு கார்டு. இடம் பத்தலன்னு நம்ம லேப் டாக்டரம்மாதான் வாங்கச் சொன்னாங்க. அதுக்கும் நெட்வொர்க்குக்கும் என்னம்மா சம்பந்தம்?"

சம்பந்தம் இருந்தது. பெட்டிக்குள் புதிதாக ஒரு கார்டு வந்து உட்கார்ந்ததும், இயந்திரம் எல்லாவற்றுக்கும் திரும்ப எண் போட்டிருக்கிறது. அதில் கேபிள் சொருகியிருக்கிற போர்ட்டின் பேரே மாறிவிட்டது. பிரிட்ஜ் பாவம், பழைய பேரைக் கையில் வைத்துக்கொண்டு, அப்படி ஒருத்தர் வருவார் என்று ராத்திரி முழுக்கக் காத்திருந்திருக்கிறது. தெருவில் கதவு எண்ணை மாற்றிய பிறகு பழைய விலாசத்தோடு அலைகிற தபால்காரர் கதைதான்.

அவர் வேலையை ஆரம்பித்தார். முதல் வேலையாக என்ன செய்தார் என்கிறீர்கள்? பழைய அமைப்பை ஒரு காப்பி எடுத்து வைத்தார். வெளியே கூட்டம் கத்துகிறது, இவர் காப்பி எடுக்கிறார். அப்புறம் பழைய பேரை அடித்துப் புதுப் பேரை எழுதி, பிரிட்ஜை எழுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"அரை நிமிஷம்."

மேனேஜர் தலையை நீட்டி என் மேஜை ஸ்கிரீனைப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. "எங்கய்யா வந்துச்சு?" என்றபடி, யாரும் தடுப்பதற்குள் பாய்ந்து பட்டனை அமுக்கிவிட்டார். பெட்டி முழுசாக அணைந்தது. மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

அரைநிமிஷக்காரருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கோபம் என்றால், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். "பிரிட்ஜ் எழுந்த உடனே எதையும் வெளிய விடாது சார். போனது சுத்திக்கிட்டுத் தன்கிட்டயே திரும்பி வர்ற மாதிரி வழி எங்கயாவது இருக்கான்னு முதல்ல காது கொடுத்துக் கேக்கும். அப்படி இருந்துட்டா மொத்தக் கட்டடமும் ஸ்தம்பிச்சுடும். கேட்டு முடிக்க அரை நிமிஷம் ஆகும். நடுவுல அணைச்சா மறுபடி முதல்லேர்ந்து."

"அதைக் காத்தாலயே சொல்லியிருக்கலாம்ல?"

"நாலு வருஷமா தினமும் அதைத்தான் சார் சொல்றேன்."

பெட்டி மறுபடி உயிர்பெற்று எழ நேரம் பிடித்தது. வெளியே ஒரு பெரியவர் தலை சுற்றுகிறது என்று பெஞ்சில் சாய்ந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எல்லாம் எழுந்து, பிரிட்ஜும் எழுந்தது. மறுபடி அந்த அரை நிமிஷம். மேனேஜர் விரல்கள் துறுதுறுத்தன. ஒரு அடி முன்னால் வைத்தார். தங்கை போய், பட்டனுக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

"அவர் பொறுக்கச் சொன்னா பொறுக்கலாம் சார். வரும்" என்றாள்.

ஒரு வாரமாகப் பதிலுக்குக் காத்திருக்கிறவள் அதைச் சொன்னாள். அரைநிமிஷக்காரர் ஸ்கிரீனை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே என் மேஜைப் பிரிண்டர் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. நிலுவையில் கிடந்த ரிப்போர்ட்டெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. மேனேஜர் கூட்டத்தைச் சமாளிக்க ஓடினார். நான் ஓடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன், மத்தியானம் நெருங்கிக்கொண்டிருந்தது. சர்வர் சரியாகிவிட்டது, இனி எனக்கென்ன பயம்?

"இந்தாங்க, இதுக்கு ஒரு பதில் வந்துடுச்சு. என் தங்கச்சிக்கு எப்ப வரும்? நேத்து எங்க போனீங்க?"

"அக்கா, நீ கொஞ்சம் வெளிய இரு" என்றாள் தங்கை.

இருந்தேன். கதவுக்கு வெளியே, காதுக்கு எட்டுகிற தூரத்தில்.

"நேத்து பழைய கம்பெனிக்குப் போயிருந்தேன்" என்றது அவர் குரல். எனக்குத் திக்கென்றது. "என் நாற்காலியை வேற யாருக்காவது கொடுத்துடுங்கன்னு நேர்ல சொல்லிட்டு வந்தேன். இன்னிக்கு வந்ததும் உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். வாசல்லயே இழுத்துட்டுப் போயிட்டாங்க."

நான் கதவில் காதை இன்னும் நெருக்கி வைத்தேன்.

"நீங்க கேட்ட அன்னிக்கே சரின்னு தோணிடுச்சு. ஆனா நான் எதை மாத்தினாலும் திரும்பி வர ஒரு வழி வச்சுட்டுதான் மாத்துவேன். உங்களுக்கே தெரியும். இதுக்கு அப்படி ஒரு வழி இருக்கக் கூடாதுன்னு நினைச்சேன். அதை மூடிட்டு வந்து சொல்லலாம்னு இருந்தேன். அதான் இவ்வளவு நாள் ஆயிடுச்சு. கல்யாணம் பண்ணிக்கலாம். உங்களுக்கு இன்னும் சம்மதம்னா."

வெளியே நான் அழுதுகொண்டிருந்தேன், வெட்கமில்லாமல். ஒரு வாரமாக இந்த மனிதனை மனசுக்குள் எத்தனை திட்டு திட்டியிருப்பேன். அத்தனையையும் அந்த நிமிஷமே வாபஸ் வாங்கிக்கொண்டேன், தரையில் டேப் ஒட்டியதைத் தவிர. அது இன்றைக்கும் பைத்தியக்காரத்தனம்தான்.

உள்ளே அவள் பதிலே சொல்லவில்லை. பொறுக்க முடியாமல் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தேன். தங்கை போனைக் காதில் வைத்திருந்தாள். அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் அடித்திருக்கிறாள், மணி போய்க்கொண்டிருந்தது. அவர் பேயறைந்தது மாதிரி அவளைப் பார்த்து, "சம்மதமா இல்லையா? ஏதாவது சொல்லுங்க" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் குரலில் அவசரத்தைக் கேட்டேன்.

அவள் போனைக் கையால் மூடிக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"அரை நிமிஷம்" என்றாள். பிறகு போனில், "வணக்கம், எனக்கு இங்கயே இருக்க வேண்டியதாயிடுச்சு, நான் வரலங்க" என்று சொல்ல ஆரம்பித்தாள்.