கொக்கி மாட்ட ஒரு கயிறு

போன வருடம் சித்திரை வெயிலில், மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் நடந்தது இது. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருந்தேன். கொஞ்ச நாள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்து, கடைசியில் என் மனைவியின் அண்ணனிடமே கூரை வேலைக்குப் போக ஆரம்பித்தேன். மச்சான் கொள்ளேகால் பக்கத்துக்காரர். சின்னத் தொழிற்சாலைகளுக்கும் குடோன்களுக்கும் ஷீட் போட்டுத் தரும் மேஸ்திரி. மச்சானிடம் கூலிக்குப் போவது எப்படிப்பட்ட விஷயம் என்று போனவர்களுக்குத்தான் தெரியும். பகலில் அவரோடு முறைத்துக்கொண்டால் ராத்திரி வீட்டில் குழம்புக்கு உப்பு இருக்காது.

அப்போது என் மண்டைக்குள் ஒரே கேள்விதான். மறுபடியும் சிங்கப்பூர் போவதா, இங்கேயே இருந்துவிடுவதா? பழைய ஏஜெண்ட் விடாமல் போன் செய்துகொண்டிருந்தார். அந்த மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். மனைவியைக் கேட்டால், "போங்கன்னும் சொல்ல மாட்டேன், போகாதீங்கன்னும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விடுவாள். அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்தே பாதி தூக்கம் போயிற்று.

டீ குடிக்கும்போது கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான். அங்கே எவ்வளவு கிடைக்கும்? சொன்னால் கண் விரியும். உண்மைதான், அங்கே ஒரு மாதத்தில் கையில் நின்றது இங்கே மூன்று மாதம் வெயிலில் காய்ந்தாலும் நிற்காது. மீதியை யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. அடிப்படைச் சம்பளம் கொஞ்சம்தான், ஓவர்டைம் செய்து செய்து உடம்பைக் கரைத்தால்தான் அந்தத் தொகை வரும். விடியும் முன்னால் லாரியின் பின்பக்கத்தில் ஏறி, தூங்கிக்கொண்டே வேலைக்குப் போக வேண்டும். காலையில் கொண்டுவந்து வைக்கும் சோற்றுப் பொட்டலம் மதியம் பிரிக்கும்போது புளித்திருக்கும். என் மகள் தவழ்ந்ததும் நடந்ததும் போனில்தான் பார்த்தேன். நான் நிரந்தரமாகத் திரும்பி வந்த அன்று, அவள் விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அம்மா முந்தானைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

ஆனால் அந்த ஊரில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. உயரத்தில் ஏறும் முன்னால் இடுப்பில் பெல்ட் கட்டி, அதன் கொக்கியை இழுத்துக் கட்டிய இரும்புக் கயிற்றில் மாட்ட வேண்டும். மாட்டினால் மட்டும் போதாது, ஜோடியாக வேலை செய்கிறவர் உங்கள் கொக்கியை ஒரு முறை இழுத்துப் பார்ப்பார், நீங்கள் அவருடையதை இழுத்துப் பார்க்க வேண்டும். என் ஜோடி ஒரு பங்களாதேஷ்காரர். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. அந்த இழுப்புதான் எங்களுக்குள் காலை வணக்கம்.

இன்னொன்றும் உண்டு. ஆபத்தென்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் வேலையை நிறுத்தலாம் என்று தினமும் காலையில் வரிசையில் நிற்கவைத்துச் சொல்லச் சொல்வார்கள். நாங்களும் உரக்கச் சொல்வோம். ஒருவன்கூட நிறுத்தி நான் பார்த்ததில்லை. நிறுத்தினால் வேலை பர்மிட்டைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்று ஒரு பேச்சு. உண்மையா பொய்யா தெரியாது, சோதித்துப் பார்க்க எங்களில் யாருக்கும் தெம்பில்லை.

ஹெப்பாளிலும் பெல்ட் உண்டு. போட்டோவுக்கு. குடோன்காரர்கள் வேலை தொடங்கும் முன்னால் பெல்ட் கட்டிய போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார்கள். மச்சான் கோணியிலிருந்து பெல்ட்டுகளை எடுப்பார். எல்லோரும் கட்டிக்கொண்டு கல்யாண வீட்டில் நிற்பதுபோல வரிசையாக நிற்போம். கொக்கி தொடையில் தொங்கிக்கொண்டிருக்கும். போட்டோ போனதும் பெல்ட்டெல்லாம் மறுபடி கோணிக்குள் போய்விடும். மாட்டுவதற்குத்தான் கயிறே கிடையாதே, பெல்ட்டைக் கட்டிக்கொண்டு என்ன செய்வது?

இவ்வளவு நாளும் நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அன்று போன குடோன் வேறு மாதிரி. கூரை முழுக்கப் பழைய சிமெண்ட் ஷீட். வெயிலிலும் மழையிலும் கிடந்து, மிதித்தால் நொறுங்கும் அப்பளமாகியிருந்தது. மழைக்கு முன்னால் அதைக் கழற்றிவிட்டுத் தகர ஷீட் போட வேண்டும். கீழே காங்கிரீட் தரை, மேலே இரண்டு மாடி உயரம். ஏணியில் பாதி ஏறியவன் அப்படியே இறங்கிவிட்டேன். இறங்கி, இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காகத் தூக்கினேன். அது சிங்கப்பூர் சைகை, வேலையை நிறுத்து என்று அர்த்தம். அங்கே ஒரு நாளும் தூக்காத கையை இங்கே எப்படித் தூக்கினேன் என்று தெரியவில்லை. இங்கே யாருக்கும் அது புரியவுமில்லை. சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

"ஏன் மாப்ள, என்னாச்சு?" என்றார் மச்சான்.

"கயிறு கட்டாம ஏற முடியாது மச்சான். ஒரு மணி நேரம் குடுங்க, நானே கட்டிர்றேன்."

"இது சிங்கப்பூர் இல்ல மாப்ள. அங்கத்த சட்டம் அங்கயே இருக்கட்டும். நமக்கு ஷீட் கணக்கு. இத்தனை பேர் நிக்கறாங்க பாரு."

நின்றவர்களின் முகத்தைப் பார்த்தேன். ஒருவருக்கும் என்மேல் பிரியம் இல்லை. போட்ட ஷீட்டை எண்ணித்தான் கூலி, அதில் ஒரு மணி நேரம் என்பது அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டிய காசு. அவர்களில் ஒடிசாவிலிருந்து வந்தவர் ஒருவர் இருந்தார். என் வயதுதான் இருக்கும். தொழிற்பேட்டைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஊர்க்காரர்களோடு நெருக்கியடித்துத் தங்கியிருந்தார். அவர் என்னிடம் வந்து, "கெலச நில்லிசபேடி அண்ணா" என்றார். வேலையை நிறுத்தாதீர்கள் என்கிறார். ஊரில் இதில் பாதிகூடக் கிடைக்காது என்று அரைகுறைக் கன்னடத்தில் சொல்லிவிட்டு, நான் விட்ட ஏணியில் அவர் ஏறத் தொடங்கினார்.

லாரியின் பின்னால் தூங்கிக்கொண்டு போன என்னையே பார்ப்பதுபோல இருந்தது. அவருக்கு மைசூர்தான் சிங்கப்பூர். நாட்டு எல்லையைத் தாண்டாததால் யாரும் அவரிடம் அங்கே எவ்வளவு என்று கண் விரியக் கேட்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஓடிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். கயிறு கட்டும்வரை விட மாட்டேன் என்றேன். மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. "தங்கச்சி முகத்துக்காகப் பாக்கறேன், இல்லாட்டி இப்பவே அனுப்பிருவேன்" என்றார் எல்லோர் முன்னாலும். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. குடோன் மூலையில் பழைய இரும்புக் கயிறு ஒரு சுருள் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு ஏறி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டினேன். கீழிருந்து மச்சான், "ஆயித்தா? ஆயித்தா?" என்று கன்னடத்தில், முடிந்ததா முடிந்ததா எனக் கேட்டுக்கொண்டே இருந்தார். கை தோல் உரிந்ததுகூட அப்போது தெரியவில்லை.

கோணியிலிருந்து பெல்ட்டுகளை எடுத்துக் கொடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்கள். ஒடிசாக்காரர் மேலே வந்ததும் அவர் கொக்கியைக் கயிற்றில் மாட்டி, பழக்கதோஷத்தில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தேன். அவர் ஏதோ பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால்தான் அது நடந்தது. ஒரு ஷீட்டைக் கழற்றித் தள்ளிவிட்டு அவர் திரும்பினார். சட்டத்தின் மேல் வைக்க வேண்டிய கால் ஷீட்டின் நடுவில் பட்டுவிட்டது. சட்டென்று ஒரு சத்தம். அடுத்த நொடி அவர் மார்புவரை உள்ளே போய்விட்டார். கயிறு விறைத்து நின்றது. கீழே செருப்பு விழுந்த சத்தம் கேட்டது. செருப்பு மட்டும்தான் விழுந்தது. நாங்கள் இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்து அவரை இழுத்துப் போட்டோம். கொஞ்ச நேரம் எல்லோரும் அந்த ஓட்டை வழியாகத் தரையில் கிடந்த ஒற்றைச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்று மச்சான் சாப்பிடவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கயிறுக்குன்னு தனியா ஒரு ரூபா சேத்துக் கேட்டேன்னு வெச்சுக்க மாப்ள, வேலை அடுத்த மேஸ்திரிக்குப் போயிரும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவரும் யாருக்கோ போட்டோ அனுப்புகிறவர்தான். அதற்குப் பிறகு கயிறு என் பொறுப்பு என்று விட்டுவிட்டார்.

சாயங்காலம் ஏஜெண்ட் போன் செய்தார். வரவில்லை என்று சொல்லிவிட்டேன். தோல் உரிந்த கையில் எண்ணெய் தடவிக்கொண்டே பேசியதை மகள் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி குழம்பில் உப்பு சரியாக இருந்தது. கயிறு இங்கேயும் வந்துவிட்டது, இனி எதற்குக் கடல் தாண்ட வேண்டும் என்று எனக்கு ஒரு திருப்தி.

அந்தத் திருப்தி மழை வரும்வரைதான் இருந்தது. கயிறு கட்டுவதால் எங்களுக்கு ஒரு நாளில் போடும் ஷீட் குறைந்தது, கூலியும் குறைந்தது. ஒரு நாள் காலையில் ஒடிசாக்காரர் தோளில் பையோடு வந்து நின்றார். ரிங் ரோடு பக்கம் வேறொரு மேஸ்திரி கூடுதலாகத் தருகிறாராம், போகிறேன் என்றார். அங்கே கயிறு உண்டா என்று மட்டும் கேட்டேன்.

அவர் சிரித்தார். போனை எடுத்து, ஊரில் இருக்கும் தன் மகளின் படத்தைக் காட்டினார். பிறகு நிதானமாகக் கேட்டார். "சிங்கப்பூர்ல கயிறு இருந்தது, சம்பளமும் இருந்தது. நீங்க ஏன் அண்ணா வந்தீங்க?" அவர் கன்னடத்தில் கேட்டது இதுதான். என் மகள் அன்று நீட்டிய தண்ணீர் தம்ளர்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அவர் என் தோளில் தட்டிவிட்டு ரிங் ரோடு பஸ்ஸில் ஏறிவிட்டார்.

இன்றும் கூரையில் ஏறினால் பக்கத்தில் நிற்பவரின் கொக்கியை இழுத்துப் பார்க்க என் கை தானாகப் போகிறது. ரிங் ரோட்டில் அவருடைய கொக்கியை யார் இழுத்துப் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். கயிறும் கூலியும் வீடும் ஒரே இடத்தில் கிடைக்கிற ஊர் எங்கே இருக்கிறது என்று எந்த ஏஜெண்டும் இதுவரை எனக்குச் சொன்னதில்லை.