நைனாவின் முதுகு

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். கையாலேயே முதுகெலும்பைச் சரிசெய்யும் கைரோபிராக்டிக் கற்றுவந்து தோணிரேவில் கிளினிக் போட்டேன். கூட்டமெல்லாம் கூடப் படித்த மேரியிடம்தான். எனக்கு வயிறு எரியும். ஒருநாள் அவள் கிளினிக்கில் எட்டிப் பார்த்தால், என் நைனாவே உட்கார்ந்திருந்தார்!

"படகு தள்ள, கோலு எந்தப் பக்கம் ஊணுவீங்க மாமா?" என்றாள் மேரி.

"வலப்பக்கம்தாம்மா. எம்புள்ள பதினஞ்சு நாளு படுத்துக்கோன்றான். செவ்வாக்கெழம ஏரில நம்ம பாடு, நம்ம மொறை. அன்னிக்கு வலை போடலைனா அடுத்த மொறைக்குக் காத்துக்கினு கெடக்கணும். அவனுக்குத் தெரியாதா இன்னா?"

தெரியும். அந்த மீனில் படித்தவன்தானே நான்.

மேரி மீது பொறாமை இன்னும் போகவில்லை. ஆனால் இப்போது, யார் வந்தாலும் முதுகைத் தொடும் முன் கேட்கிறேன்: "உங்க பாடு என்னிக்கு?"