எம்மெட் கார்மடி சுருதி மாற்றிய பாட்டு

எம்மெட் கார்மடிக்கு இசைக்குறிப்பு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. மெட்டைப் பியானோவில் ஒற்றை விரலால் தட்டிக் காட்டுவான். பதினோரு வருடம் அதைத் தாளில் எழுதிக் கொடுத்தவன் நான். அவன் போட்டதில் நாலு பாட்டு நல்லவை. நாற்பது என்று பத்திரிகைகள் எழுதின.

நியூயார்க் மாகாணத்து ட்ராய் நகரத்தில் அவன் அம்மா சட்டைக் காலர்களுக்குக் கஞ்சி போடும் பட்டறையில் வேலை பார்த்தாள். அவனும் இரண்டு வயது மூத்த அக்கா டெலியாவும் பீர்க் கடைகளில் பாடி வளர்ந்தார்கள். 1903இல் நியூயார்க்கில் நான் பியானோ வாசித்த பாட்டுப் பதிப்பகத்துக்கு இருவரும் வந்தார்கள். டெலியாவின் குரல் தணிந்தது, கொஞ்சம் கரகரப்பு. அந்தக் குரலுக்கென்றே ‘ட்ராயிலே மழை’ என்ற பாட்டைப் போட்டான். அந்த வருடம் பியானோ இருந்த வீடுகளிலெல்லாம் அந்தப் பாட்டின் அச்சுத் தாள் இருந்தது. அட்டையில் டெலியாவின் படம்.

பாட்டு மட்டும் அவனுக்குப் போதவில்லை. நாடகக் கொட்டகை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்தான். நாற்பது பெண்கள் ஆடினார்கள். மேடையில் நிஜத் தண்ணீர் கொட்டியது. எல்லோரும் அவனை முதலாளி என்றார்கள்.

1914 நவம்பரில் புது நாடகத்தோடு நியூ ஹேவன் போனோம். நியூயார்க்கில் அரங்கேறும் முன் ஒரு வாரம் அங்கே ஆடிப் பார்ப்பது வழக்கம். எடுபடாததை அங்கேயே வெட்டிவிடுவார்கள். அதிலும் ‘ட்ராயிலே மழை’யைப் பாடிய டெலியாவுக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. புதன்கிழமை காலை எம்மெட் என்னிடம் வந்தான்.

“ஓட்டோ, ‘ட்ராயிலே மழை’ய சுருதி ஏத்தி எழுது. ஃபிலிஸ் பாடுவா.”

ஃபிலிஸ் புதிதாகச் சேர்ந்த பெண், இருபது வயது.

“அக்காகிட்ட சொல்லிட்டியா?”

“நான் சொல்லிக்கிறேன். நீ எழுது.”

எழுதினேன். அவன் சொல்லவில்லை.

மதியம் ஒத்திகைக்கு வந்த டெலியா பியானோ மேலிருந்த தாளை எடுத்துப் பார்த்தாள். அவளுக்குக் குறிப்பு படிக்கத் தெரியும்.

“இது யாரு தொண்டைக்கு, ஓட்டோ?”

நான் மற்றத் தாள்களை அடுக்கினேன்.

“திருடன் மாதிரி முழிக்காதே. ஃபிலிஸுக்கா?” மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்துத் திரும்பினாள். “டேய் எம்மெட், வாயில சுருட்டு இருந்தா பேச்சு வராதோ?”

“நான் முடிவு பண்ணலக்கா. ஜனங்க பண்றாங்க. நீ பாடுறப்ப மாடியில இருமுறாங்க.”

“நவம்பர் மாசம்டா. இருமாம என்ன செய்வாங்க?”

வயலின்காரர்கள் சிரித்தார்கள். எம்மெட் சிரிக்கவில்லை.

“அந்த உயரம் உனக்கு எட்டாது.”

“வாசி, ஓட்டோ,” என்றாள்.

வாசித்தேன். அழகாகப் பாடினாள் என்று சொல்லமாட்டேன். அந்த உயரம் அவளுடையதல்ல. ஆனால் ஒரு ஸ்வரமும் பிசகவில்லை. படுதாவுக்குப் பின்னால் தச்சர்கள் சுத்தியலை நிறுத்தினார்கள்.

“நல்லாத்தான் பாடின,” என்றான் எம்மெட்.

“அப்புறம்?”

“குரல் இல்லக்கா. மூஞ்சி.”

“அத முதல்லயே சொல்லியிருந்தா என் தொண்டையாவது மிஞ்சியிருக்கும்.”

கையுறையை மாட்டிக்கொண்டு நாலரை ரயிலில் ஊருக்குப் போனாள்.

ஜனங்கள் முடிவு செய்தார்கள் என்பவன் அவர்களைக் கேட்டிருக்க மாட்டான். சொன்னபடி செய்தேன் என்கிறவனும் அதே வகைதான்.

நாடகம் பதினான்கு மாதம் ஓடியது. அதன் பிறகு எம்மெட் பாட்டு எழுதவில்லை, பிறரிடம் வாங்கினான். அக்காவுக்கு மூன்று கடிதம் போட்டான். மூன்றிலும் கொட்டகை நிரம்பிய செய்திதான், வேறொன்றும் இல்லை.

1926இல் அவன் இறந்தபோது டெலியா வரவில்லை. நான் ட்ராய்க்குப் போனேன். அங்கே தேவாலயப் பள்ளியில் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தம்பி எப்படிச் செத்தான் என்று அவள் கேட்கவில்லை.

“நியூ ஹேவன்ல அந்தத் தாளை நீ எத்தன மணிக்கு எழுதின?” என்றாள்.

“காலைல பத்து மணிக்கு.”

“அன்னிக்குப் பதினோரு மணிக்கு நாம சேர்ந்து காபி குடிச்சோம்.”

“ஆமாம்,” என்றேன்.

வகுப்பு மணி அடித்தது. எழுந்து போனாள்.