லிஃப்ட்காரர் படியேறிய காலம்

அந்தப் பகுதியில் பாதி அடுக்குமாடிகளின் லிஃப்ட் அவர் கைபட்டுத்தான் ஓடியது. கதவு சண்டித்தனம் செய்தாலும், மோட்டார் முனகினாலும் உடனே லிஃப்ட்காரரைக் கூப்பிடுவார்கள். அவரும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். வந்து, படிக்கட்டில் ஏறுவார்.

மோட்டார் இருக்கும் மெஷின் ரூம் உச்சி மாடிக்கும் மேலே இருந்தாலும் படிதான். காவலாளி கேட்டால், “சக்கரைக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னார்ப்பா” என்பார். அவருக்குச் சர்க்கரை கிடையாது. டாக்டரும் அப்படி எதுவும் சொல்லவில்லை. லிஃப்ட்டோடு மல்லுக்கட்டியே தலை நரைத்த மனிதருக்கு லிஃப்டுக்குள் நிற்கப் பயம், அவ்வளவுதான். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். அவருக்கு அது சிரிப்பாக இல்லை.

போன மழைக்காலத்தில் ஆரம்பித்தது. ஒரு துணிக் கிடங்கின் சரக்கு லிஃப்ட்டைச் சரிசெய்துவிட்டு, ஓடுகிறதா என்று பார்க்க ஏறினார். பாதி வழியில் மின்சாரம் போனது. போனில் சிக்னல் இல்லை. இன்டர்காம் ஊமையாகிக் கிடந்தது. கிடங்கு ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கும்மிருட்டில், துணி மூட்டைகளுக்கு நடுவே நெஞ்சு அடைத்து, சட்டை நனைந்து, கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. அவர்கள் திரும்பி வந்து இறக்கியபோது செத்துப் பிழைத்தவர் போல இருந்தார். அன்றோடு போயிருந்தால் தேவலை. மறுநாள் வேறொரு லிஃப்டில் கால் வைத்ததுமே அதே அடைப்பு, அதே வேர்வை.

அவருடைய கம்பெனியில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. பழுது பார்த்து முடித்ததும் மெக்கானிக் தனியாக ஏறி, மேலும் கீழும் போய் வர வேண்டும். பிறகுதான் குடியிருப்பவர்கள் ஏறலாம். அந்த விதிக்கு அவர் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். அவரோடு ஜோடியாக வேலை செய்தவன் அவர் மனைவியின் தம்பி. வயது நாற்பதைத் தொட்டும் வாய் மட்டும் இருபதிலேயே நின்றுவிட்ட ஆள். அத்தானுக்குப் பதிலாக அவன் ஏறி இறங்கி வருவான், வெளியே மூச்சு விடமாட்டான்.

இப்போது அவனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து லிஃப்ட்காரர் தனி ஆள். ஒன்று, குட்டு வெளிப்படும். இல்லையென்றால் தானாகவே போய், ஸ்டோர் ரூமில் ஸ்க்ரூ எடுத்துக் கொடுக்கும் நாற்காலியைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இதை நினைக்கும்போதெல்லாம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வேலையை விட்டால் தனக்கு வேறு முகமே இல்லை என்று அவருக்குத் தெரியும்.

அவரை மடக்கியது மனைவிதான். அவர் முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டே ஒருநாள் கேட்டாள்.

“லிஃப்ட் வேலை பாக்குறவருக்கு முட்டி ஏங்க தேயுது?”

அவர் ஏதோ சப்பைக்கட்டு கட்டினார். அவள் அவரை விட்டுவிட்டுத் தம்பியைப் பிடித்தாள். அவன் அரை டம்ளர் டீ முடிவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

மறுநாளே அவள் அவரை டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டர் பரிசோதித்துவிட்டு, இதயம் கல்லு மாதிரி இருக்கிறது, இது மனசு படுத்தும் பாடு என்று ஒரு பெண் ஆலோசகரிடம் அனுப்பினார். அந்த ஆலோசகர் ஹிப்னோதெரபி என்ற மனோவசிய சிகிச்சையும் செய்வார், எண்ணங்களைக் கேள்வி கேட்டு மாற்றும் பயிற்சியும் தருவார், இரண்டையும் சேர்த்தே கொடுப்பார் என்றார்.

“வசியம் பண்றவங்களா?” என்றான் மைத்துனன். “அத்தான், கண்ண மூடச் சொல்லிட்டு ஏடிஎம் நம்பர் கேட்டா உடனே முழிச்சுக்குங்க.”

ஆலோசகரின் அறையில் ஒரு சாய்வு நாற்காலியும் மங்கலான விளக்கும் இருந்தன. இவர் வீம்புக்கு உண்மையைச் சொல்லவில்லை. என்ன வேலை என்று கேட்டதற்கு “மெஷின் வேலை” என்றார். என்ன கஷ்டம் என்றதற்கு “கொஞ்சம் படபடப்பு” என்று பூசி மெழுகினார். ஆலோசகரும் முதல் நாளிலேயே துருவ வேண்டாமென்று விட்டுவிட்டார்.

“இது தூக்கம் இல்ல சார். நான் பேசுறது எல்லாம் கேக்கும். பிடிக்கலன்னா எப்ப வேணா கண்ணத் தொறக்கலாம்” என்றார் ஆலோசகர். லிஃப்ட்காரர் கண்ணை மூடினார். மூச்சு நிதானமானது. தோள் இறங்கியது. பல மாதங்களுக்குப் பிறகு உடம்பு தன் வசம் வருவது போல இருந்தது.

“இப்ப நீங்க ஒரு அழகான லிஃப்ட்ல நிக்கிறீங்க. கதவு மெதுவா மூடுது. லிஃப்ட் கீழ இறங்க இறங்க, உங்க மனசும் அமைதியா இறங்குது. பத்தாவது மாடி... ஒன்பது...”

எட்டு வருவதற்குள் லிஃப்ட்காரர் செருப்புகூடப் போடாமல் தெருவில் நின்றார்.

ஆலோசகர் பின்னாலேயே ஓடி வந்தார். “என்ன சார் ஆச்சு?”

“மேடம், நான் லிஃப்ட் மெக்கானிக்.” மூச்சு வாங்கிக்கொண்டு மீதியையும் சொன்னார். “எனக்குப் பயமே அதுலதான்.”

ஆலோசகர் வாயைப் பொத்திக்கொண்டார். “எல்லாருக்கும் சொல்ற லிஃப்ட் அது. உங்கள ஒழுங்கா விசாரிக்காம ஏத்தினது என் தப்பு.”

“சொல்லாம ஏறினது என் தப்பு.” செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டவர், சற்றுப் பொறுத்து முணுமுணுத்தார். “ஆனா மேடம், கதவு முழுசா மூடாம எந்த லிஃப்டும் கெளம்பாது. நீங்க மூடிக்கிட்டு இருக்கும்போதே எறக்கிட்டீங்க.”

ஆலோசகருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இவருக்கும் தொற்றிக்கொண்டது. அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் அவர் மறுபடி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்கமாட்டார்.

அடுத்த முறை ஆலோசகர் நேராகக் கேட்டார். “உள்ள நிக்கும்போது மனசுல என்ன ஓடுது?”

“காத்து தீந்துடும். கயிறு அறுந்துடும். யாரும் வரமாட்டாங்க.”

“லிஃப்ட்ல மாட்டிக்கிட்ட யாராவது இன்டர்காம்ல உங்ககிட்ட இதையே சொன்னா, என்ன சொல்வீங்க?”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரலே மாறியது. “பயப்படாதீங்கம்மா. பொட்டியில காத்து வர வழி இருக்கு. அஞ்சு கயிறு பிடிச்சிருக்கு, ஒண்ணு இருந்தாலே தாங்கும். கதவ இழுக்காதீங்க. அப்படியே கீழ உக்காந்துக்குங்க. நான் இங்கதான் இருக்கேன்.”

“இதுல எது பொய்?”

“ஒண்ணும் பொய் இல்ல மேடம்.”

“அப்ப உங்களுக்கு மட்டும் ஏன் பொருந்தல?”

“அன்னைக்கு எனக்கு இத யாரும் சொல்லல மேடம்” என்றார். எத்தனையோ பேரை அந்தச் சொற்களால் இறக்கிவிட்டவர், தனக்கென்று அவற்றில் ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகு ஆலோசகர் தன் அழகான லிஃப்ட்டைத் தலைமுழுகிவிட்டார். கண்ணை மூடியதும் அவரை மெஷின் ரூமுக்கே அழைத்துப் போனார். மோட்டாரின் சீரான சத்தம், கிரீஸ் வாசம், திறந்த கதவு வழியே மொட்டைமாடிக் காற்று. அங்கே மனம் அடங்கியதும், கிடங்கு லிஃப்டுக்குள் மறுபடி போகச் சொன்னார். இந்த முறை இன்டர்காம் வேலை செய்தது. அதில் லிஃப்ட்காரரின் குரலே பேசியது. அதைக் கேட்கும்போது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அழுத்தப் பழக்கினார். பிறகு அப்படி அழுத்தினாலே அந்தக் குரல் நினைவுக்கு வரும் என்றார். வீட்டுப் பாடமும் உண்டு: முதலில் கதவைத் திறந்து வைத்து உள்ளே நிற்பது, அப்புறம் மூடி நிற்பது, அப்புறம் ஒரு மாடி.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொன்னால் அது புளுகு. ஒருநாள் இரண்டாவது மாடியில் கதவு திறந்ததும் அவர் பாய்ந்த பாய்ச்சலில், எதிரே நின்றவரின் பால் பாக்கெட்டுகள் தரையில் உருண்டன. பால் பாக்கெட்டுக்காரர் காதில் விழும்படி நன்றாக அர்ச்சனை செய்தார்.

“இது நமக்கு ஒத்து வராது மேடம்” என்றார் ஆலோசகரிடம்.

“போன வாரம் எதுவரைக்கும் போனீங்க?”

“கதவே மூடல.”

“இந்த வாரம்?”

“ரெண்டாவது மாடி” என்று தலையைச் சொறிந்துகொண்டார்.

மெல்ல மெல்ல உச்சி மாடிவரை போய் வந்துவிட்டார். நடுவில் நின்றுபோனால் என்ன ஆகும் என்பது ஒன்றுதான் பாக்கி. மைத்துனன் ஊருக்குக் கிளம்பும் வாரத்தில், வேலை முடிந்த ஒரு லிஃப்ட் முன்னால் நின்று அவனிடம் சொன்னார்.

“நான் ஏறுறேன். நடுவுல நிறுத்து.”

“அக்காவுக்குத் தெரிஞ்சா என் தோல உரிச்சிடுவா அத்தான்.”

“அவதான் உன்கிட்ட கேக்கச் சொன்னா.”

அவன் மெஷின் ரூமுக்குப் போனான். லிஃப்ட் ஏறியது. ஒரு குலுக்கலோடு நின்றது. பெரிய விளக்கு அணைந்து, அவசர விளக்கு மட்டும் எரிந்தது. வேர்வை வந்தது, நெஞ்சு அடைத்தது. விரல்களைச் சேர்த்து அழுத்தினார்.

இன்டர்காம் கரகரத்தது. “அத்தான், பயப்படாதீங்க. காத்து வர வழி இருக்கு. அப்புறம்... கயிறு நெறைய இருக்கு.”

“எத்தனைன்னு சொல்லணும்டா. அப்பதான் நம்புவாங்க.”

“நாலு.”

“அஞ்சு.”

“சரி, அஞ்சு. கீழ உக்காந்துக்குங்க.” எப்போதும் கிண்டலாகவே வரும் குரலில் இப்போது கிண்டல் இல்லை. “நான் இங்கதான் இருக்கேன் அத்தான்.”

அவர் தரையில் உட்கார்ந்தார். கண் கலங்கியது, துடைக்கவில்லை. பயம் ஏறியது. ஆலோசகர் சொன்னது போலவே, அதைத் தள்ளாமல் இருந்தார். அது உச்சியில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தானாக இறங்க ஆரம்பித்தது. அண்ணாந்து பார்த்தார்.

“லிஃப்ட்ட எடுத்துடவா அத்தான்?”

“இரு. மேல ஃபேன் மூடியில ஒரு ஸ்க்ரூ தளந்திருக்கு. முறுக்கிட்டுச் சொல்றேன்.”

பையைத் திறந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு எழுந்தார். சட்டை இன்னும் நனைந்துதான் இருந்தது. ஆனால் ஸ்க்ரூ நேராகத்தான் இறங்கியது.