மூன்றரை வருசப் படிப்பு

தன் சாவுக்குத் தானே நாள் குறித்துக்கொண்டு காரியம் பார்த்தவன் கந்தவேல். குறித்த நாள் தப்பிப் போனது. காரியம் மட்டும் நடந்து முடிந்தது.

திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு தோண்டி, போர் போட்ட ஆள். பொண்டாட்டி பாம்பு கடித்துப் போய்ச் சேர்ந்தாள். ஒரே மகள் வெண்ணிலா. பத்தொன்பது வருசத்துக்கு முன்னால் விடாமல் காய்ச்சல் அடித்து, நாமக்கல்லில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது எச்.ஐ.வி. என்றார்கள். மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் நெடுநாள் இருக்கலாம் என்றும் சொன்னார்கள். அது அவன் காதில் ஏறவில்லை. கூட வண்டியில் வந்த இரண்டு பேர் இதே நோயில் எலும்பும் தோலுமாகப் போனதைப் பார்த்தவன். தனக்கும் மிஞ்சினால் இரண்டு வருசம் என்று முடிவு கட்டிவிட்டான்.

வெண்ணிலா அப்போது நர்சு படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். மூன்றரை வருசப் படிப்பு. பாதியில் அப்பன் செத்தால் தாயில்லாப் பிள்ளை என்ன ஆகும்? பதினெட்டு முடிந்த மறுமாசமே எருமப்பட்டி பச்சமுத்துவுக்குக் கட்டிக்கொடுத்தான். அழுதவளிடம் நோயைச் சொல்ல வாய் வரவில்லை. பொட்டைப் பிள்ளைக்குப் படிப்பு எதுக்கு என்று வெடுக்கென்று சொல்லிவிட்டான். அந்தச் சொல்தான் அவளிடம் தங்கியது.

அவன் சாகவில்லை. மாத்திரையில் உடம்பு தேறி மறுபடி ரிக் ஏறினான். ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்கு அடங்கிவிட்டது, மற்றவர்களைப் போலவே இருப்பீர்கள் என்கிறார் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கும் ரஞ்சனி. அடியோடு போக்க மருந்து வராதா என்று போகும்போதெல்லாம் கேட்பான். புற்றுநோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்றியதில் உலகத்தில் விரல் விட்டு எண்ணுகிற சில பேருக்கு இதுவும் போயிருக்கிறதாம். எல்லோருக்கும் செய்கிற வைத்தியமல்ல அது, இன்னும் தேடுகிறார்களாம். கிருமி உடம்புக்குள் எங்கோ பதுங்கித் தூங்குகிறது, மாத்திரையை நிறுத்தினால் எழுந்துவிடும் என்பார். போர் போட்டவனுக்கா இது புரியாது? எண்ணூறு அடி இறங்கியும் பாறை இடுக்குத் தண்ணீரைத் தொட முடியாமல் வண்டியைக் கிளப்பியவன்தானே.

இந்த வைகாசியில் வெண்ணிலா போன் செய்தாள். பச்சமுத்துவுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். கண்ணை மூடுவதற்குள் மகள் இனியாவுக்குத் தாலி ஏறிவிட வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறான். ஆவணியில் அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளை. ஒரு எட்டு வந்துவிட்டுப் போங்கள் என்றாள் வெண்ணிலா.

கந்தவேல் போனான். பிள்ளை படிக்கட்டும் என்று தன்மையாகத்தான் ஆரம்பித்தான்.

"ஏனுங்க மாமா, பதினெட்டு முடிஞ்ச மறுமாசமே எனக்குக் கட்டிக்குடுத்தது நீங்கதானுங்களே?" என்றான் பச்சமுத்து. "இப்ப எனக்கு நாயஞ் சொல்ல வந்துட்டீங்க."

கந்தவேல் டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

"அன்னிக்கு நான் சாகப்போறேன்னு நெனச்சனுங்க மாப்பிள்ளை. எனக்கு எச்.ஐ.வி. இத்தனை வருசமா மாத்திரைலதான் இருக்கறேன். நான் சாகலை. புள்ள படிப்புப் போனதுதான் மிச்சம்."

பச்சமுத்துவின் கண் அந்த டம்ளருக்குப் போனது. வெண்ணிலா வந்து அதே டம்ளரில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றி அப்பன் முன்னால் வைத்தாள். ஆனால் அப்பன் முகத்தைப் பார்க்கவில்லை.

பச்சமுத்து வெகுநேரம் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தான். கடைசியில், இனியாவுக்குப் பேசி வைத்த மாப்பிள்ளை வீட்டாருக்கு இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிடுகிறேன் என்றான்.

பஸ் ஏற்றிவிட வெண்ணிலா கூட வந்தாள்.

"எத்தனை வருசம் இருப்பீங்கன்னு நெனச்சீங்க?"

"ரெண்டு, சாமி."

"மூணரை வருசந்தானுங்கப்பா கேட்டேன்." கொஞ்ச தூரம் நடந்தாள். "சொல்லியிருந்தீங்கன்னா நானே உங்களப் பாத்திருப்பனுங்களே."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தான். அவள் நிற்கவில்லை. இனியாவின் படிப்புக்கு விண்ணப்பம் போட நாளைதான் கடைசி நாள் என்று சொல்லியிருந்தாள். வேகமாக வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள்.